கழிப்பறைக் காற்றும் தொழிலாளர் உரிமையே

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. வேலை நேரம், வேலைப் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை, வேலைநிறுத்த உரிமை ஆகியவற்றின் மீது இத்தொகுப்புகள் தொடுத்துள்ள தாக்குதலைத் தோழர்கள் நன்கறிவார்கள். இவற்றை எதிர்த்து 2025 ஜூலை 9 அன்று மத்தியத் தொழிற்சங்கங்கள் நாடு தழுவிய பொது வேலைநிறுத்தத்தை நடத்தின. பெரிய உரிமைகள் பறிக்கப்படும்போது, அவற்றோடு சேர்ந்து சிறிய உரிமைகள் பலவும் ஓசையின்றிப் பறிபோகின்றன. பொதுக்கூட்ட மேடைகளில் அவை பேசப்படுவதில்லை, துண்டறிக்கைகளிலும் இடம்பெறுவதில்லை. அவற்றுள் ஒன்று, வேலை செய்யுமிடத்தின் கழிப்பறையிலும் குளியலறையிலும் தூய காற்று கிடைக்கும் உரிமை.

புதிய தொகுப்பால் நீக்கப்பட்ட சட்டங்களுள் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் ஒன்று. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறைகள் வேண்டும் என்று சொன்னதோடு அதன் 19ஆம் பிரிவு நின்றுவிடவில்லை. அவற்றில் போதிய வெளிச்சமும் காற்றோட்டமும் இருக்க வேண்டும் என்றது. தலைமை ஆய்வாளர் எழுத்துபூர்வமாக விலக்களித்தாலன்றி, எந்தக் கழிப்பறையும் வேலைக்கூடத்தோடு நேரடியாக இணைந்திருக்கக் கூடாது. இடையில் திறந்தவெளியோ காற்றோட்டமுள்ள நடைவழியோ இருந்தே ஆக வேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கழிப்பறையின் தரையும், 90 சென்டிமீட்டர் உயரம் வரை சுவரும் ஈரம் உறிஞ்சாத வழவழப்பான பரப்பாக இருக்க வேண்டும் எனவும், ஏழு நாட்களுக்கு ஒருமுறையேனும் அவை நன்கு கழுவப்பட வேண்டும் எனவும் விதித்தது.

அந்த இடத்திற்கு வந்துள்ள தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு, ஆண், பெண், திருநர் தொழிலாளர்களுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குளியலிடம் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. திருநர் தொழிலாளர்களைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டது வரவேற்கத்தக்கதே. ஆனால், கழிப்பறைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்ற வெளிப்படையான வாசகமும், வேலைக்கூடத்திற்கும் கழிப்பறைக்கும் இடையே திறந்தவெளி வேண்டும் என்ற கட்டளையும் தொகுப்பில் இல்லை. போதுமான ஏற்பாடு, சுகாதாரம் பேணுதல் என்ற பொதுச் சொற்களே உள்ளன. எஞ்சியவை அனைத்தும் அரசு வகுக்கும் விதிகளிடம் விடப்பட்டுள்ளன. சட்டத்தில் இருந்த ஓர் உரிமையை மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் திருத்த மசோதா கொண்டுவந்தாக வேண்டும். விதியில் இருக்கும் உரிமையை மாற்றுவதற்கோ ஓர் அறிவிக்கை போதும். முதலாளிகள் வேண்டி நின்ற 'எளிமை' இதுதான்.

500 கன அடி காற்று

காற்றோட்டம் பற்றிய வாசகங்களைச் சட்டம் இயற்றியோர் தாமாக நினைத்து எழுதிவிடவில்லை. அவற்றின் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வர்க்கப் போராட்டம் இருக்கிறது. 'மூலதனம்' முதல் தொகுதியில் இங்கிலாந்தின் தொழிற்சாலைச் சட்டங்களிலுள்ள சுகாதாரப் பிரிவுகளை ஆராயும் இடத்தில், மார்க்ஸ் காற்றைப் பற்றிப் பேசுகிறார். இடைவிடாது வேலை நடக்கும் இடங்களில் ஆளுக்குக் குறைந்தது 500 கன அடி காற்றிடம் வேண்டும் என்பதில் அந்நாட்டு மருத்துவர்கள் ஒருமித்திருந்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். மருத்துவம் கண்டறிந்த இந்த எளிய உண்மையின் முன் முதலாளித்துவச் சட்டம் தயங்கி நின்றுவிடுவதையும் சுட்டிக்காட்டுகிறார். அதைக் கண்டிப்புடன் அமலாக்கினால் ஆயிரக்கணக்கான சிறு முதலாளிகள் அழிவார்கள். உழைப்புச் சக்தியை விருப்பம்போல் வாங்கிப் பயன்படுத்தும் மூலதனத்தின் சுதந்திரமே கேள்விக்குள்ளாகும் என்பது அவரது வாதம்.

சுதந்திரத்திற்குப் பிந்தைய இந்தியாவில், எழுச்சி பெற்றிருந்த தொழிலாளர் இயக்கத்தின் நிர்ப்பந்தத்தின் நடுவே 1948ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது, நெரிசலைத் தடுக்கும் அதன் 16ஆம் பிரிவில் அதே 500 கன அடி இடம்பெற்றது. மெட்ரிக் அளவைக்கு மாறியபின் அது 14.2 கன மீட்டர் ஆயிற்று. சட்டம் வருமுன்பே இயங்கிவந்த ஆலைகளுக்கு 350 கன அடி, அதாவது 9.9 கன மீட்டர் என்ற சலுகை தரப்பட்டது. லண்டனிலும் மான்செஸ்டரிலும் மூச்சுத்திணறிய தொழிலாளர்களின் வரலாறு நமது சட்டப் புத்தகத்தில் ஓர் எண்ணாக வந்து சேர்ந்தது. இன்று அந்த எண்ணும் சட்டத்தின் உடலிலிருந்து அகற்றப்பட்டு விதிகளின் தயவில் நிற்கிறது.

மூடிய அறைக்குள் நிகழ்வது

கழிப்பறைக் காற்று என்றவுடன் அது துர்நாற்றப் பிரச்சினை மட்டுமே எனக் கருதுவோர் நம்மிடையேயும் உண்டு. மூக்கைப் பொத்திக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாமே என்று அவர்கள் கேட்கக்கூடும். அங்கே நாற்றத்தைவிடக் கொடிய ஆபத்துகள் உள்ளன.

முதலாவது ஈரம். ஷவரிலிருந்து எழும் நீராவி வெளியேற வழியில்லையெனில் சுவரிலும் கூரையிலும் படிந்து தங்கும். அந்த ஈரத்தில் பூஞ்சை வளரும். ஈரமும் பூஞ்சையும் நிறைந்த கட்டடங்களில் இருப்போருக்கு ஆஸ்துமாவும் சுவாச நோய்களும் அதிகம் எனத் தனது 2009ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது. பஞ்சுத் தூசியிலும் சிமெண்ட் தூசியிலும் ஏற்கெனவே நுரையீரலைப் பறிகொடுக்கும் தொழிலாளிக்கு இது இரண்டாவது அடி. துண்டும் உள்ளாடையும் உலராத இடத்தில் படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். ஈரம் ஊறிய சுவரில் மின்கசிவு ஏற்பட்டு உயிரையே பறிக்கும் அபாயமும் உண்டு.

இரண்டாவது, துப்புரவுப் பொருட்களின் நச்சுக் காற்று. பிளீச்சிங் பவுடரோ அதன் கரைசலோ கழிப்பறை கழுவும் ஆசிடோடு சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்ட அதே வாயு. காற்றோட்டமுள்ள இடத்தில் கண் எரிச்சலோடும் இருமலோடும் தப்பிவிடலாம். ஜன்னலில்லாத சிறிய அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், உயிரையும் வாங்கும். இந்த இரண்டையும் கலக்கக் கூடாது என்று துப்புரவுத் தொழிலாளிக்கு யாரும் கற்றுத் தருவதில்லை. கறை போகவில்லை என்று மேற்பார்வையாளர் அதட்டும்போது, இரண்டையும் ஊற்றித் தேய்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியும் இருப்பதில்லை.

மூன்றாவது, கேஸ் கீசர். குளிர்மிகுந்த வட இந்திய நகரங்களிலும் பெங்களூரு, புனே போன்ற இடங்களிலும் விடுதிகள், காவலாளிகள் தங்கும் அறைகள், ஊழியர் குடியிருப்புகள் ஆகியவற்றில் வெந்நீருக்காக இது பொருத்தப்படுகிறது. மூடிய குளியலறையில் எரியும் கீசர் அங்குள்ள ஆக்சிஜனைத் தின்றுவிட்டுக் கார்பன் மோனாக்சைடை உமிழ்கிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். குளிக்கச் சென்றவர் என்ன நடக்கிறதென்று உணருமுன் மயங்கி விழுகிறார். இத்தகைய மரணங்களும் நிரந்தர மூளைப் பாதிப்புகளும் இந்திய மருத்துவ இதழ்களில் மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளன. கீசரை வெளியே பொருத்தி, குளியலறைக்குள் காற்று வந்துபோக வழி செய்திருந்தால் இவற்றைத் தவிர்த்திருக்கலாம்.

நான்காவது, கழிவுக் குழாயின் வழியே வரும் ஆபத்து. 2003ஆம் ஆண்டில் சார்ஸ் நோய் பரவியபோது ஹாங்காங்கின் ஆமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். விசாரணையில் வெளிவந்த விளக்கம் கவனத்திற்குரியது. குளியலறைத் தரை வடிகாலின் அடியில் நீர் தங்கி நிற்கும் வளைகுழாய் ஒன்று உண்டு. குழாய் வேலை செய்வோர் இதை 'டிராப்' என்பார்கள். அதில் தேங்கும் நீர்தான் கழிவுக் குழாயின் காற்று அறைக்குள் நுழையாமல் தடுக்கிறது. அங்கே பல வீடுகளில் அந்த நீர் வற்றிப்போயிருந்தது. கதவை மூடிவிட்டுக் காற்றை வெளியேற்றும் விசிறியை ஓடவிட்டபோது, அது கழிவுக் குழாயிலிருந்தே காற்றையும் கிருமி கலந்த துளிகளையும் உள்ளிழுத்தது. விசிறி ஒன்றை மாட்டிவிட்டால் காற்றோட்டம் வந்துவிடாது என்பதே இதன் பாடம். வெளியேறும் காற்றின் இடத்தை நிரப்ப நல்ல காற்று உள்ளே வர வழி வேண்டும். டிராப்பில் நீர் நிற்க வேண்டும்.

அந்தக் காற்றைச் சுவாசிப்பவர் யார்?

இந்த ஆபத்து எல்லோர்க்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. பன்னாட்டு நிறுவனத்தின் உயரதிகாரி பயன்படுத்தும் கழிப்பறையிலும், அதே கட்டடத்தின் அடித்தளத்தில் ஓட்டுநரும் காவலாளியும் பயன்படுத்தும் கழிப்பறையிலும் வீசும் காற்று வேறுவேறு. நவீன அலுவலகக் கட்டடங்களிலும் வணிக வளாகங்களிலும் கழிப்பறைகள் பெரும்பாலும் கட்டடத்தின் நடுப்பகுதியில், வெளிச்சுவர் ஏதுமின்றி அமைகின்றன. அங்கே காற்று முழுக்க முழுக்க இயந்திரத்தை நம்பியிருக்கிறது. அலுவலகம் முடிந்ததும் மின்செலவைக் குறைக்க இயந்திரம் நிறுத்தப்பட்டுவிட்டால், அதன்பிறகு ஆசிடும் பிளீச்சும் கொண்டு அவ்வறைகளைக் கழுவ வரும் ஒப்பந்தத் தொழிலாளி காற்றில்லாத அறைக்குள்ளேதான் வேலை செய்தாக வேண்டும். அவர் பெரும்பாலும் தலித் சமூகத்தைச் சேர்ந்தவர், அதிலும் பெண். மற்றவர்கள் ஐந்து நிமிடம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடம் அவருக்கு எட்டு மணி நேர வேலைத்தலம். எனவே கழிப்பறைக் காற்றோட்டம் பற்றிய கேள்வி சாதி ஒழிப்புக் கேள்வியோடும் பிணைந்தது.

ஜரியாவிலும் ராணிகஞ்சிலும் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மேலே வரும் தொழிலாளி, கரித்தூசி படிந்த உடலோடு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை என்பதற்காகவே சுரங்கவாய்க் குளியலறைகள் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டன. அவற்றுக்கென 1959இல் தனி விதிகளே வகுக்கப்பட்டன. அங்கே குளியல் என்பது சுகபோகமன்று. தொழில்நோய்த் தடுப்பின் ஒரு பகுதி. ஈயம் கையாளும் பேட்டரிப் பட்டறையிலும், கல் அரைக்கும் ஆலையிலும், ஆஸ்பெஸ்டாஸ் வேலையிலும் அப்படியே. கழுவப்படாத தூசி உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையின் நுரையீரலையும் இரத்தத்தையும் எட்டுகிறது. குளியலறை இருந்தும் அது இருண்டு, பூஞ்சை பிடித்து, மூச்சு முட்டுவதாக இருந்தால் தொழிலாளி அதைத் தவிர்ப்பார். காற்றோட்டமற்ற குளியலறை, இல்லாத குளியலறைக்குச் சமம்.

பெண் தொழிலாளர்களின் நிலை இன்னும் கொடுமையானது. மூச்சுவிட முடியாத கழிப்பறைக்குப் போவதைத் தவிர்க்கப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், சிறுநீரை அடக்குகிறார்கள், சிறுநீர்ப் பாதை நோய்களுக்கு ஆளாகிறார்கள். எட்டிப் பார்ப்பார்களோ என்ற அச்சத்தில் பெண்கள் கழிப்பறை ஜன்னல்கள் பலகையடித்து மூடப்படுவதும் வழக்கமாகியுள்ளது. மானமா, காற்றா என்று பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் உரிமை எந்த நிர்வாகத்திற்கும் கிடையாது. ஆளுயரத்திற்கு மேலே சாய்பலகைகள் பொருத்திய காற்றுப்போக்கி வைத்தால் இரண்டும் கிடைக்கும்.

நிர்வாகங்கள் சொல்லும் காரணங்கள்

செலவு என்பது முதல் காரணம். ஒரு காற்றுப்போக்கிக்கும் ஒரு விசிறிக்கும் ஆகும் செலவு, ஒரு நாள் உற்பத்தியின் மதிப்பில் மிகச் சொற்பம். அப்படியிருந்தும் அது செய்யப்படுவதில்லை என்றால், காரணம் பணத்தில் இல்லை. கழிப்பறை வசதியாக இருந்தால் தொழிலாளர்கள் அங்கே நேரத்தைக் கழிப்பார்கள் என்ற எண்ணம் பல நிர்வாகங்களின் மனதில் ஊறிக் கிடக்கிறது. அங்கே கங்காணியை நிறுத்த முடியாது; எனவே துர்நாற்றமே கங்காணியின் வேலையைச் செய்துவிடுகிறது. வேலை நாளின் ஒவ்வொரு நிமிடத்தையும் கறந்துவிடத் துடிக்கும் மூலதனத்தின் இயல்பு இங்கும் வெளிப்படுகிறது.

பழைய சட்டம் இருந்தபோது மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்ததா என்று கேட்பார்கள். இல்லைதான். 19ஆம் பிரிவு எண்ணற்ற ஆலைகளில் ஏட்டளவிலேயே இருந்தது. குளியலிடங்களைப் பொறுத்தவரை பழைய சட்டத்தின் 42ஆம் பிரிவுகூடத் தூய்மை, மறைவு, எளிதில் சென்றடையும் வசதி ஆகியவற்றைத்தான் சொன்னதே தவிர, காற்றோட்டத்தைத் தனியே சொல்லவில்லை. ஆயினும், ஏட்டில் இருந்த உரிமையைக் காட்டிச் சங்கம் வாதிட முடிந்தது; ஆய்வாளரிடம் புகார் தர முடிந்தது. சட்டம் அமலாகவில்லை என்பது அதை வலுப்படுத்துவதற்கான காரணமேயன்றி, நீக்குவதற்கான காரணம் ஆகாது.

நீக்கத்தோடு மேலும் இரண்டு அடிகள் சேர்ந்துள்ளன. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தாலே தொழிற்சாலை என்ற வரையறை 20 ஆகவும், மின்சாரமின்றி இயங்கும் இடத்தில் 20 என்பது 40 ஆகவும் உயர்த்தப்பட்டுள்ளது. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடம் 'நிறுவனம்' என்ற பொது வரையறைக்குள் வந்தாலும், தொழிற்சாலைக்கென வகுக்கப்படும் கடமைகளிலிருந்து சிறு பட்டறைகள் தப்பிவிடுகின்றன. அங்கேதான் காற்று மிகவும் குறைவு. 2019 டிசம்பர் 8 அன்று டெல்லி அனாஜ் மண்டியில், வேலைத்தலத்திலேயே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 43 பேர் தீ விபத்தில் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மூச்சுத்திணறியே மாண்டனர். வேலை, உறக்கம், குளியல் ஆகிய அனைத்தும் ஒரே அடைபட்ட கட்டடத்திற்குள் நிகழும் வாழ்க்கை அது. அடுத்ததாக, ஆய்வாளர் இப்போது 'ஆய்வாளர் மற்றும் வசதியாளர்' ஆக்கப்பட்டுவிட்டார். வசதி யாருக்கு என்பதை விளக்க வேண்டியதில்லை.

நமது கடமைகள்

உடல்நலத்தோடு வேலை செய்யும் உரிமை, வாழும் உரிமையின் பகுதியே என்று ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. பாதுகாப்பான, உடல்நலத்திற்கு உகந்த பணிச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஏற்றது. இவை நமக்குக் கிடைத்த கருவிகள். ஆனால் கருவி தானாக இயங்காது. கேரளத்தின் கோழிக்கோட்டில் ஜவுளிக் கடைப் பெண் ஊழியர்கள் கழிப்பறை வசதிக்காக எழுப்பிய குரல், உட்காரும் உரிமைக்கான இயக்கமாக வளர்ந்தது. 2018இல் அம்மாநிலத்தின் கடைகள் சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழ்நாடும் அதே வழியில் சட்டம் இயற்றியது. 'சிறிய' கோரிக்கை என்று எவரும் ஒதுக்கிவிட முடியாத அனுபவம் இது.

சட்டத் தொகுப்புகளைத் திரும்பப் பெறச் செய்யும் போராட்டம் தொடரும். அதே வேளையில், மத்திய, மாநில விதிகளில் கழிப்பறைக்கும் குளியலறைக்கும் உடைமாற்றும் அறைக்கும் காற்றோட்டம் கட்டாயம் என்பதையும், ஆளுக்கு 14.2 கன மீட்டர் என்ற அளவையும் தெளிவாக எழுத வைக்க வேண்டும். எத்தனை பேர் வேலை செய்தாலும் அது பொருந்த வேண்டும். நிரந்தரத் தொழிலாளர் பயன்படுத்தும் அதே குளியலறை ஒப்பந்தத் தொழிலாளருக்கும் திறந்திருக்க வேண்டும். தூசியும் நச்சும் படியும் தொழில்களில் குளிக்கும் நேரம் கூலியுள்ள வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும்.

சங்கக் கிளைகள் விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வாரமே ஒவ்வொரு வேலைத்தலத்திலும் ஓர் ஆய்வைத் தொடங்கலாம். அதற்கு நிபுணர் தேவையில்லை. ஓர் ஊதுபத்தி போதும். கதவைச் சாத்திவிட்டு, அதைக் காற்று வெளியேற்றும் விசிறியின் அருகே பிடித்தால் புகை விசிறியை நோக்கி இழுபட வேண்டும். கதவின் அடி இடுக்கில் பிடித்தால் புகை அறைக்குள் வர வேண்டும். இரண்டும் நிகழாவிட்டால் அங்கே காற்றோட்டம் இல்லை. விசிறியின் காற்று கட்டடத்திற்கு வெளியே போகிறதா, அல்லது ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளும் நடைவழியிலும் கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இரவு ஷிப்டிலும் அது ஓடுகிறதா, ஜன்னலைச் சரக்கு மூட்டைகள் அடைத்திருக்கின்றனவா, பயன்படுத்தாத வடிகாலில் நீர் வற்றியிருக்கிறதா, கேஸ் கீசர் எங்கே பொருத்தப்பட்டுள்ளது என்பவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அனைத்துக்கும் மேலாக, அந்த அறையைக் கழுவும் தொழிலாளியிடம் கேட்க வேண்டும். எந்தப் பொருளைக் கொண்டு கழுவுகிறார், கையுறை தரப்பட்டுள்ளதா, கண் எரிகிறதா, இருமல் வருகிறதா என்று அவரைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. பல ஆலைகளில் அவர் நமது சங்கத்தின் உறுப்பினராகவே இல்லை என்பதை ஒரு குறைபாடாக உணர்ந்து, அவரைச் சங்கத்தில் சேர்ப்பதிலிருந்தே இவ்வேலையைத் தொடங்க வேண்டும். திரட்டிய விவரங்களைப் பாதுகாப்புக் குழு உள்ள இடங்களில் அதன் கூட்டத்திலும், இல்லாத இடங்களில் வாயிற்கூட்டத்திலும் வைக்க வேண்டும். நிர்வாகத்திற்கு எழுத்துபூர்வமாகக் கொடுத்து, ஏற்புச் சீட்டு பெற வேண்டும்.

ஊதிய உயர்வுக்கான பேச்சுவார்த்தைப் பட்டியலில் கழிப்பறை ஜன்னலுக்கும் ஓர் இடம் இருக்கட்டும். மூடிக் கிடக்கும் ஒரு ஜன்னலைத் தங்கள் ஒற்றுமையால் திறக்க வைத்த தொழிலாளர்கள், அடுத்த கோரிக்கைக்கு இன்னும் உறுதியோடு அணிதிரள்வார்கள்.